பெரியவனுக்கு அம்மா எழுதுறது

ராஜா, நேத்து போன்ல "அவன் பேச்ச எடுக்காதம்மா, திருடன் எனக்கு தம்பி இல்ல"ன்னு சொல்லிட்டு வச்சிட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

வியாழக்கிழமை புழல் ஜெயிலுக்கு உன் தம்பிய மனு போட்டு பாக்கப் போனேன். மூக்குல தண்ணியா ஒழுகுது, கை ரோமமெல்லாம் சிலுத்துக்கிட்டு நிக்குது, மூணு நாளா தூக்கம் இல்லையாம், காலெல்லாம் முறுக்குதாம். போதைக்காக போட்டுக்கிட்டிருந்த அந்த வலி மாத்திரைய திடீர்னு நிறுத்துனா அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. அந்த வேதனைக்கு பயந்துதான் அடுத்த மாத்திரை, அதுக்கு காசு, முதல்ல என் வளையல், அப்புறம் ரோட்ல போன ஒரு அம்மாவோட செயின். அவங்க கழுத்துல இருந்த காயத்த ஸ்டேஷன்ல பாத்தேன்டா, அதுக்கு உண்டான தண்டனைய அவன் அனுபவிக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன்.

ஆனா "நானும் அதே வீட்லதான வளந்தேன்"னு சொன்ன பாரு, அது இல்ல கண்ணா. உன்ன ஆறாவதுலயே ஹாஸ்டல்ல விட்டுட்டோம். அப்பா குடிச்சிட்டு வந்து கதவ ஒதைக்கிற சத்தம் கேட்டாலே சின்னவன் அரிசி டிரம்முக்கு பின்னாடி போய் காத பொத்திக்குவான், ஏழு வயசு அப்போ. பன்னெண்டு வயசு வரைக்கும் பாயிலயே ஒண்ணுக்கு போனான், அதுக்கும் நான் அவனையே அடிச்சேன்.

மனநல ஆலோசனை சொல்ற கவுன்சிலர் மேடம் 1998ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வு பத்தி சொன்னாங்க, 9,500 பேர்கிட்ட கேட்டிருக்காங்க. சின்ன வயசு கஷ்டங்கள 7 வகையா பிரிச்சு, அதுல 4 இருந்தாலே குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி இதுக்கெல்லாம் ஆபத்து 4ல இருந்து 12 மடங்கு வரைக்கும் கூடுதாம். நான் அங்கயே விரல் மடக்குனேன். அவன் வாங்குன அடி, அப்பா குடி, நான் வாங்குன அடிய அவன் பாத்தது, அப்புறம் நான் மாசக்கணக்குல சுவத்த பாத்து படுத்தே கெடந்தது. நாலு விரல் மடங்கிடுச்சு ராஜா. அப்படி வளந்த எல்லாரும் திருடுறதில்ல, மனசு சரியில்லாதவங்க பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் பண்றதும் இல்ல, அதையும் மேடமே சொன்னாங்க. ஆனா இவனுக்கு வைத்தியம் பாக்காம வெறும் ஜெயில் மட்டும்னா, வெளிய வந்த அன்னிக்கே அதே தெருவுக்குதான் போவான்.

2017 மனநலச் சட்டத்துல கைதிக்கும் சிகிச்சைக்கு வழி இருக்காம், வக்கீல் மனு எழுதுறார். ஜாமீன் கெடைச்சா நேரா மறுவாழ்வு மையம், போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் போட்டு விசாரிச்சு வச்சிருக்கேன். பணம் வேண்டாம்பா.

அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணனுக்கு தெரியுமா?" தெரியும்னேன், தலைய குனிஞ்சவன் நிமிரவே இல்ல. வர்ற வியாழன் மறுபடி போறேன். ரெண்டு வரி அனுப்பு, மனப்பாடம் பண்ணிட்டு போய் சொல்றேன்.

அம்மா