கல்நார் கலந்த மண்: பரிசோதனை முடிவைக் குடியிருப்பாளர்களிடம் காட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானை ஒட்டி நெடுங்காலம் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்கூடம் கடந்த ஆண்டு இடிக்கப்பட்டது. அதன் கூரை முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்த் தகடுகள். நீர் தெளித்து, ஒவ்வொரு தகடாகக் கழற்றி, கனத்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி இறக்க வேண்டியவற்றை, மண்வாரி இயந்திரத்தால் கட்டடத்தோடு சேர்த்துச் சரித்தார்கள். அங்கு வேலை செய்த அந்நியத் தொழிலாளர்கள் முகத்தில் வெறும் துணியைத்தான் கட்டியிருந்தார்கள். நொறுங்கியதில் ஒரு பகுதி லோரியில் போனது. மீதி இன்னமும் அந்த மண்ணில் கிடக்கிறது.

தகடு முழுதாக இருக்கும்வரை கல்நார் இழைகள் சிமெண்டுக்குள் பிணைந்திருக்கும். நொறுங்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போய்த் தங்குகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. நுரையீரல் உறையைத் தாக்கும் மிசோதெலியோமா எனும் புற்றுநோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள்வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. இன்று அந்தத் தூசைச் சுவாசிக்கும் ஒரு பிள்ளை நடுவயதில் நோயாளியாக நிற்கும்போது, காரணத்தை நிறுவ இன்றைய பதிவுகளைத் தவிர அவரிடம் வேறென்ன இருக்கும்?

அந்தப் பதிவுகளைத்தான் எங்களால் பெற முடியவில்லை. புகாருடன் போன எங்களை, இடிப்பு அனுமதி கொடுத்த அலுவலகம் கழிவைக் கவனிக்கும் துறையிடம் அனுப்பியது. அந்தத் துறையோ அனுமதி கொடுத்தவர்களையே கேட்கச் சொன்னது. பல மாதங்களுக்குப் பிறகு அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்தார்கள். முதல் நாள் கொட்டிய மழையில் மண் சேறாகிக் கிடந்த வேளையில் காற்றைப் பரிசோதித்துவிட்டு, “ஆபத்து இல்லை” என்று வாய்மொழியாகச் சொல்லிச் சென்றார்கள். மண்ணில் எத்தனை இடங்களில் மாதிரி எடுக்கப்பட்டது, எந்த ஆய்வகம் பரிசோதித்தது என்பது எழுத்தில் இன்றுவரை எங்களுக்குத் தரப்படவில்லை.

2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு (ஆபத்தானவை என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு) விதிமுறைகளில், சேறு, தூசு, இழை வடிவிலுள்ள கல்நார்க் கழிவு எஸ்.டபிள்யூ. 201 என்ற குறியீட்டுடன் இடம்பெற்றுள்ளது. அவ்விதிகளின்படி அட்டவணைக் கழிவை 180 நாளுக்கு மேல் இருப்பில் வைக்கலாகாது. உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். எடுத்துச் சென்றதற்கு ஆவணமும் இருக்க வேண்டும். தகடு வேறு, தூசு வேறு என்று யாரேனும் வாதிடுவாரானால், இயந்திரச் சக்கரம் ஏறியிறங்கிய பின் அங்கே முழுத் தகடு எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதை நேரில் வந்து பார்க்கட்டும்.

பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அது மாநில அமைப்புகளுக்கே பொருந்தும். கூட்டரசுத் துறைகளின் கோப்புகளை அதைக்கொண்டு கேட்க முடியாது. எனவே மாநில அதிகாரத்தில் உள்ள இடிப்பு அனுமதியையும் அதன் நிபந்தனைகளையும் அச்சட்டத்தின்கீழ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். பரிசோதனை அறிக்கையையும் லோரியில் போன கழிவின் ஆவணத்தையும் சம்பந்தப்பட்ட துறை தானாகவே முன்வந்து வெளியிட வேண்டும். மண் உலர்ந்திருக்கும் நாளில், எங்கள் பிரதிநிதிகள் உடனிருக்க, மீண்டும் மாதிரி எடுக்கப்பட வேண்டும்.

அதுவரை அந்த மண்ணைத் தார்ப்பாயால் மூடி, வேலியில் திறந்து கிடக்கும் பக்கத்தையாவது உடனே அடைக்கும்படி வேண்டுகிறோம். மாலை வேளைகளில் எங்கள் பிள்ளைகள் பந்தை எடுக்க அந்த வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

இப்படிக்கு,
தாமான் குடியிருப்பாளர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு