தமிழையாவுக்கு ஒரு கடிதம்

மந்தைவெளி, சென்னை
19-1-2026

அன்புள்ள தமிழையா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பொங்கல் வாழ்த்தோடு, "ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமையில் அப்படி என்ன வேலை, தொலைபேசியைக்கூட எடுப்பதில்லையே" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற செய்தி இல்லை என்பதால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஆடி மாதம் முதல் ஞாயிறுதோறும் கண்ணகி நகருக்குப் போய் வருகிறேன். அங்குள்ள இளைஞர்கள் சிலர், பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஓவியப் பட்டறை நடத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஏரியா எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் வரைந்து காட்ட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் ஆகிவிட்டது.

கண்ணகி நகர் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது எனக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் துரைப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் அந்தக் குடியிருப்பைத் தொடங்கி, கூவக் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்களை அங்கே கொண்டுபோய் இறக்கியபோது, நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சுகள் ஒரே வாரத்தில் காலியாயின. கல்வியாண்டின் நடுவில் மாணவர்களைக் காணவில்லை என்று நீங்கள் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றது என் கண்ணில் இருக்கிறது. அப்போது நாம் இருவரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். அன்றைய பேருந்து வசதிக்கு அது வேறு ஊர் போலத்தான் இருந்தது. இப்போது அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவற்றில் பல, இருநூறு சதுர அடிக்கும் குறைவானவை. அதற்குள்ளேதான் அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் பாடப் புத்தகமும். வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள். அங்குள்ளவர்கள் வாயில் அது இன்னமும் வெறும் 'போர்டு'தான்.

நீதி கேட்டு ஒரு நகரையே எரித்தவளின் பெயரை, நகரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்த அதிகாரி யாரோ, அவருக்கு இலக்கியம் தெரிந்திருந்ததா, தெரியாமலே நேர்ந்ததா என்பதை நீங்கள்தான் ஆராய வேண்டும்.

நான் படித்த காலத்தில் எழும்பூர் ஓவியக் கல்லூரியிலிருந்து நண்பர்களோடு ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்துக்குப் போவதுண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கி வைத்த ஓவியர் கிராமம் அது. பத்திக் என்ற மெழுகுச் சாயத் துணி விற்ற பணத்தில் மணல்வெளியை வாங்கி, ஓவியர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். அதற்கும் கண்ணகி நகருக்கும் நடுவில் இருப்பது பக்கிங்ஹாம் கால்வாய்தான். தாம் வாழும் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, மேற்குக் கரைக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது, அந்தப் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு உள்ளூரிலிருந்தும் வெளியிலிருந்தும் ஓவியர்களை அழைத்துவந்து, அங்குள்ள அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் தீட்டியதை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அப்போது நான் முகம் சுளித்தேன். குழாயில் தண்ணீர் வராத இடத்தில் சுவருக்கு எமல்ஷன் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கேள்வி இன்றும் தவறில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: திருட்டு, வெட்டு, குத்து என்ற செய்திகளில் மட்டுமே அடிபட்ட ஒரு பெயரோடு முதல்முறையாக வேறொரு செய்தியும் சேர்ந்தது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஓவியம் உள்ள பிளாக்கில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. குறை என்று நான் கருதுவது வேறு. சாலையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்குச் சுவர் முழுதும் தெரிகிறது. அந்தச் சுவருக்குள் இருப்பவருக்குத் தன் வீட்டு ஓவியம் தெரிவதில்லை. எதிர் பிளாக்குக்குப் போய் நின்றால்தான் தெரியும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1984இல் அங்கே சுவர்க் கிறுக்கலை ஒழிக்க மாநகராட்சி ஒரு திட்டம் தொடங்கி, ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அமர்த்தியது. அவர் கிறுக்கிய பையன்களைக் குற்றவாளிகளாகப் பார்க்காமல், கையில் தூரிகையைக் கொடுத்துச் சுவரோவியம் தீட்ட வைத்தார். இன்று அந்த நகரில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள். ஒரு சுவரில் என்ன வரைவது என்று முடிவெடுக்கும் முன் அந்தத் தெருக்காரர்களைக் கூட்டிப் பேசுகிறார்கள். என்னை அதிகம் கவர்ந்தது அவர்களுடைய துணி உத்திதான். பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியில் பகுதி பகுதியாகத் தீட்டி, பிறகு சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். சாரம் ஏற முடியாத கிழவரும், பள்ளிப் பிள்ளையும், சிறையில் இருப்பவரும்கூட அதனால் ஒரு பெரிய சுவரில் பங்கு பெற முடிகிறது. அந்தத் துணிக்கு நான் எங்கே போவது? காடாத் துணி வாங்கி, பிரைமர் அடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறன்று, "உங்கள் ஏரியா எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அதை வரையுங்கள்" என்றேன். இருபத்து மூன்று பிள்ளைகளில் பத்தொன்பது பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை மரம் என்று வரைந்து கொடுத்தார்கள். முப்பது வருடம் நான் வகுப்பில் திருத்தித் தள்ளிய அதே 'இயற்கைக் காட்சி'! அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த இனத்தைச் சேர்ந்தவன்தானே நான். அவர்களைக் கோபிக்க வழியில்லை. ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஆற்றங்கரையில் குடிசை வரைகிறார்களே என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. ஆனால் அவர்கள் அதை அப்படி நினைத்து வரையவில்லை. கை பழகியதை வரைந்தார்கள்.

அடுத்த வாரம் ஆசை என்ற சொல்லையே எடுக்கவில்லை. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை நடக்கும் வழியை மட்டும் வரையச் சொன்னேன். எங்கே வேகமாக நடப்பீர்கள், எங்கே நிற்பீர்கள், எங்கே மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள் என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். அன்று வந்த படங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெண் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள சந்து ஒன்றைக் கரியால் முழுக்கக் கறுப்பாக்கி, அதன் கடைசியில் நகக்கண் அளவுக்கு மஞ்சள் வைத்திருந்தாள்; அது எரியாத தெருவிளக்கு என்றாள். "எரியாததற்கு ஏன் மஞ்சள்?" என்றதற்கு, "எரிஞ்சா எப்படி இருக்கும்னு போட்டேன் சார்" என்றாள். ஒரு பையன் தன் பிளாக்கின் படிக்கட்டை மட்டும் வரைந்து, எந்தப் படி வரை எந்த மழையில் தண்ணீர் ஏறியது என்று கோடு போட்டிருந்தான். 2023 டிசம்பர் புயலின் கோடு தன் இடுப்புக்கு மேலே என்று எழுந்து நின்று காட்டினான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கும் இடத்தில் கட்டிய வீடுகள் அல்லவா! இன்னொருத்தி, மகளிர் இலவசமாகப் போகும் இளஞ்சிவப்பு முகப்புப் பேருந்தைத் தன் பிளாக் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அக்கா வேலை முடிந்து இரவில் இறங்கும் நிறுத்தத்திலிருந்து வீடு தூரமாம்.

நான் கேட்டபோது வராத ஆசைகள், நடக்கும் வழியைக் கேட்டபோது தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றில் பூங்காவும் நீரூற்றும் இல்லை. விளக்கு, படி, பேருந்து நிறுத்தம், பூட்டிக்கொள்ளக்கூடிய கழிப்பறைக் கதவு, படிக்க ஓர் அறை. இளைஞர்களின் கனவுகள் என்று தலைப்பிட்டுக் கூட்டம் நடத்துகிறவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். ஏமாந்தும் போனார்கள். பட்டறைக்கு வண்ணங்கள் வாங்கித் தர முன்வந்த அமைப்பு ஒன்று (பெயர் வேண்டாம்), நாட்காட்டி அச்சிடப் படங்கள் கேட்டு வந்தது. கறுப்பான அந்தச் சந்துப் படத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மகிழ்ச்சியாக எதுவும் இல்லையா என்றார்கள். முதல் வாரத்து மலையும் சூரியனும் இருந்தன, எடுத்துக் கொடுத்தேன். மிகவும் மகிழ்ந்து போனார்கள். வண்ணங்களும் வந்து சேர்ந்தன. செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

சின்னப் படங்களைத் துணியில் பெரிதாக்குவது எப்படி என்று திண்டாடியபோது, மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். அந்தக் காலத்தில் மவுண்ட் ரோடு சினிமா பேனர்கள் வரைந்தவராம். பிளெக்ஸ் வந்தபின் தூரிகையை விட்டு, ஒரு கம்பெனியில் காவலாளியாக இருந்திருக்கிறார். நோட்டுப் புத்தகத் தாளில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கைக் கட்டத்தைத் துணியில் சுண்ணாம்பு நூல் வைத்துத் தட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒவ்வொரு பிள்ளைக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கல்லூரியில் நான் படித்த உடற்கூறும் ஒளிநிழலும் அந்தக் கட்டத்துக்கு முன் நிற்கவில்லை. ஒரு கட்டத்தைத் தீட்டுபவனுக்கு அது எதன் பகுதி என்று தெரியாது. பக்கத்துக் கட்டக்காரியின் கோடு எங்கே முடிகிறது என்று கேட்டுத்தான் தன் கோட்டைத் தொடங்க வேண்டும். ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பிளாக் பையன்கள் அந்தத் துணியில்தான் பேசத் தொடங்கினார்கள்.

அக்டோபரில் அந்த ஊர்ப் பெண் கார்த்திகா, பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். அதுவரை, பள்ளியிலோ வேலை கேட்டுப் போகும் இடத்திலோ முகவரி கேட்டால் துரைப்பாக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொண்ட பிள்ளைகளை எனக்கே தெரியும். அந்த வாரம் துணியின் மேலே ஊர்ப் பெயர் வேண்டும் என்று சண்டை பிடித்து, நான்கு கட்டம் ஒதுக்கச் செய்து, 'கண்ணகி நகர்' என்று எழுதிக்கொண்டார்கள். றகரமா ரகரமா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

மார்கழியில் அந்தத் துணியைப் பிளாக் வாசலில் கட்டினோம். வார்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், தேநீர் குடித்தார்கள். சந்து விளக்கு இன்று வரை எரியவில்லை. அதைப் பார்த்த பிள்ளைகளே, படத்தோடு மனுவும் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் மாசி மாதத்தில் இரண்டு ஞாயிறு வந்து தங்கிவிட்டுப் போங்கள். மெட்ரோ வேலையால் பழைய மகாபலிபுரம் சாலை படும் பாட்டைப் பார்த்து மிரள வேண்டாம்; விடியற்காலையில் கிளம்பிவிடலாம்.

இன்னொன்று. சந்து முழுவதையும் கறுப்பாக்கினாள் என்றேனே, அந்தப் பெண்ணின் தகப்பன், காலியான அந்தப் பெஞ்சுகளில் ஒன்றில் இருந்த பையன்தான். வெளுத்த நிறம், இடது கையால் எழுதுவான், உங்களிடம் அதற்காகத் திட்டு வாங்கியவன். அவள் இப்போது இரண்டாவது துணியில் தன் வீட்டு வழியோடு, அப்பா சிறுவயதில் பள்ளிக்கு நடந்த வழியையும் வரைய வேண்டும் என்கிறாள். அவனுக்குக் கோயில் குளம் நினைவிருக்கிறது, பால் பூத் நினைவிருக்கிறது, கால்வாய் மேல் இருந்த மரப்பலகை நினைவிருக்கிறது. குடிசைகள் இருந்த அந்தச் சந்தின் பெயர் மட்டும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மாணவர் முகவரிகளை எழுதி வைத்திருந்த உங்கள் பழைய காலிகோ நோட்டு இன்னும் இருந்தால் பார்த்து எழுதுங்கள். அவள் அதற்காக இரண்டு கட்டங்களைத் தீட்டாமல் விட்டு வைத்திருக்கிறாள்.

அண்ணியாருக்கு என் வணக்கங்கள்.

தங்கள் அன்புள்ள,
டிராயிங் மாஸ்டர்