ரியூசன் சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்: பிள்ளைக்கு எப்போது போன் என்பதை எங்களிடமே விடுங்கள்

யாழ்ப்பாணத்தில் ரியூட்டரி நடத்துகிறவர்களுக்கும் அங்கே படிப்பிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

எந்த வயதில் பிள்ளையின் கையில் ஸ்மார்ட் போன் கொடுக்கலாம் என்று பெற்றோருக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதைத் தீர்மானிப்பது பெற்றோர் இல்லை, நீங்கள். தரம் 6 வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க வந்தால் பெயர், பள்ளிக்கூடம், அதற்கு அடுத்த கேள்வி "வட்ஸ்அப் நம்பர்?" அம்மாவின் நம்பரைச் சொன்னால் "பிள்ளையிட்ட தனியாப் போன் இல்லையோ?" என்று ஒரு பார்வை. அந்தப் பார்வைக்காகவே ரவுணுக்குப் போய்த் தவணைக் காசில் போன் எடுத்துக் கொடுத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது வேறு வழி இருக்கவில்லை, சரி. சூம் வகுப்பும் வட்ஸ்அப்பில் வந்த பயிற்சித்தாளும்தான் அந்தக் காலம் எங்கள் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றின, அதற்காக நீங்கள் பட்ட பாட்டையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறந்து, உங்கள் வாங்குகளும் திரும்ப நிறைந்து இத்தனை காலமாகியும் அந்தக் குறூப்புகளை மட்டும் ஒருவரும் மூடவில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளை உங்கள் முன்னால்தான் இருக்கிறது, உங்களுக்குப் பின்னால் கரும்பலகை இருக்கிறது, அப்படியிருக்க வீட்டுவேலை ஏன் இரவு ஒன்பதரைக்குப் படமாக வருகிறது?

இதில் எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? கொஞ்சம் விபரம் தெரிந்த பெற்றோர் பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபமிலி லிங்க் செயலியைப் போட்டு, இரவு எட்டரைக்குப் பிறகு போன் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். ஒன்பதரைக்கு உங்கள் படம் வந்தால் பிள்ளை அழுகிறது, நாளைக்குச் சேர் ஏசுவார் என்கிறது, பூட்டைத் திறக்கவேண்டி வருகிறது. திறந்த போன் வீட்டுவேலையோடு நிற்குமா? ஐந்து நிமிடத்தில் யூடியூப் ஷோர்ட்ஸ். வீட்டில் போட்ட ஒழுங்கை நீங்கள் ஒரு படத்தால் உடைத்துவிட்டு, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் "பிள்ளையள் எந்த நேரமும் போனோடதான்" என்று எங்களைக் குறை சொல்கிறீர்கள்.

இன்னொன்று, பிள்ளை தன்பாட்டில் வட்ஸ்அப் பாவிக்க அந்த நிறுவனமே வைத்திருக்கும் குறைந்த வயது 13. தரம் 6, 7 பிள்ளைக்கு 11, 12 வயதுதான். குறூப்பில் சேர்ந்தவுடன் அதிலுள்ள எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும், அந்தப் போன்களில் சில அண்ணாவினது, சில மாமாவினது, யார் யார் பார்க்கிறார்கள் என்று அட்மினுக்கே தெரியாது. பதினொரு வயதுப் பெண்பிள்ளையின் நம்பர் அப்படித் திரிவது உங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லையா? அதில் ஒரு கெட்ட படம் வந்து விழுந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்க ஓடுவது நாங்கள்தான். அட்மின் அதற்குள் குறூப்பை விட்டுப் போயிருப்பார்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் பங்கும் இதில் இல்லாமலில்லை. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே இன்ஸ்டகிராம், டிக்டொக் கணக்கு வைத்திருக்க ஏலாது. மெல்பேர்னில் இருக்கிற சித்தப்பா தன் பிள்ளைக்கு அதைச் சொல்லிச் சமாளித்துவிட்டு, ஊரில் இருக்கிற பெறாமகளுக்குப் பிறந்தநாளுக்குப் புதுப் போன் அனுப்புகிறார்! சரி, அவர்களுக்கு வேறொரு மடல் எழுதவேண்டும்.

பிள்ளை ஆயத்தமா என்று வயதை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது என்பது எங்களுக்கும் தெரியும். சைக்கிளை முதலில் ஒழுங்கைக்குள் ஓடவிட்டுத்தானே கே.கே.எஸ். வீதிக்கு விடுகிறோம், அந்த நாள் வீட்டுக்கு வீடு வேறு. கையில் வைத்திருக்கிற அம்மாவின் போனைத் திருப்பித் தா என்றதும் முகம் சுளித்தாலும் தருகிறதா, தெரியாத ஆளிடமிருந்து ஒரு செய்தி வந்தால் மறைக்காமல் வந்து காட்டுகிறதா, பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் லிங்கைச் சந்தேகப்படுகிறதா, கூட்டாளிகள் எல்லோரும் ஒரு விளையாட்டில் இருக்கும்போது தான் மட்டும் இல்லாமல் இருக்கத் தாங்குகிறதா என்றெல்லாம் மாதக்கணக்காகப் பார்க்கவேண்டிய விஷயம் இது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். எங்கள் மூத்தவனுக்கு அது தரம் 10இல்தான் கொஞ்சம் பிடிபட்டது. இளையவள் வேகமாக வருவாள் போலிருக்கிறது, ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல எங்களுக்கு அவகாசம் வேண்டும், உங்கள் அனுமதிப் படிவம் அதைத் தருவதில்லை.

"பெற்றோரின் நம்பருக்கு அனுப்பினால் அவர்கள் பார்க்கிறதே இல்லை" என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து வர எட்டு மணி, சில வீடுகளில் இரண்டு பிள்ளைக்கும் அம்மாவுக்குமாக ஒரே போன். அதனால்தான் கேட்கிறோம், வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதுங்கள், பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். பயிற்சித்தாள் என்றால் போட்டோக்கொப்பி அடியுங்கள், காசை மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கேளுங்கள், எப்படியும் டேட்டாவுக்குக் கொடுக்கிற காசுதானே. நாளைக்கு வகுப்பு இல்லை என்பது போன்ற அறிவித்தலுக்கு வட்ஸ்அப் சனல் ஒன்று போதும், அதில் ஒருவரின் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, பெற்றோர் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதையும் இரவு ஏழு மணிக்கு முன்னம் போட்டுவிட்டால் புண்ணியம். ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன செய்தாலும் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை, அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். தரம் 9 வரைக்கும்தான் கேட்கிறோம்.

வருகிற தவணைக்கு அனுமதிப் படிவம் அடிக்கும்போது "மாணவரின் வட்ஸ்அப் இலக்கம்" என்று இருக்கிற இடத்தில் "பெற்றோரின் தொலைபேசி இலக்கம்" என்று போடுங்கள். பழைய படிவம் மிச்சம் இருந்தால் பேனையால் வெட்டி எழுதினாலும் காணும்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்புகளுக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பும் ஒரு தாய்,
கொக்குவில்