தேருக்கு முன் ஒரு கணக்கு

ராமநாதபுரம் கடற்கரையின் பங்குப் பேரவைகளுக்கும், திருவிழாக் குழுக்களுக்கும், படகு வைத்திருக்கும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும்,

தோத்திரம்.

கடந்த திருவிழாவில் தேர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒரு வீட்டின் முன் தேரை நிறுத்தினார்கள். அந்த வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போனவர்; எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். அவர் மனைவி வெளியே வந்து, உள்ளங்கையில் பொத்திவைத்திருந்த உப்பையும் மிளகையும் தேரின்மேல் வீசிக் கும்பிட்டார். அந்தச் சிறு பொட்டலத்தையும் கடையில் கடன் சொல்லித்தான் வாங்கினார் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. தேரை மூடியிருந்த பூ அத்தனையும் அவர் கணவர் போன படகின் உரிமையாளருடைய உபயம். பிடிபடுவதற்கு முன் கணவர் மூன்று முறை கடலுக்குப் போய்வந்ததற்கான பங்குப் பணம் மட்டும் அந்த வீட்டுக்கு வரவில்லை. கேட்டபோது, “படகே போய்விட்டது, நான் எங்கே போவேன்” என்று பதில் வந்தது. படகை இழந்தவரின் வலியைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூவுக்குப் பணம் இருந்தது.

கோயிலையும் ‘பங்கு’ என்கிறோம். கடலில் பிடித்த மீனை விற்று, டீசலும் ஐஸும் கழித்துப் பிரிப்பதையும் ‘பங்கு’ என்கிறோம். ஒரே சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, முதலாவதில் முன்வரிசையிலும் இரண்டாவதில் மறைவிலும் நிற்கிறோமே, இதைத்தான் நான் கேட்க வந்தேன்.

பல வருடங்களாக ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஞானஸ்நானத் தேதியைக் கல்யாண மண்டபம் தீர்மானிப்பதைப் பார்த்திருக்கிறேன். மண்டபம் கிடைக்காததால் பிள்ளை எட்டு மாதம் காத்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் மண ஓலை வாசிப்பதற்குப் பொறுமையில்லாமல் பங்குச் சாமியாரிடம் சண்டைக்குப் போகிறோம். பள்ளிச் சேர்க்கை வந்தால் சான்றிதழுக்காக ஓடிவருகிறோம். எஞ்சின் நடுக்கடலில் நின்றால் அந்தோணியாருக்கு நேர்ச்சை நேர்கிறோம். நேரட்டும், அதில் தவறில்லை. பயத்தில் கூப்பிடாத மனிதன் உண்டா? கரை சேர்ந்த பிறகு பேசாமல் இருந்துவிடுகிறோம், அதுதான் எனக்கு நோகிறது.

வசதிக்காக வந்தவர்கள் என்று நம்மை யாராவது ஏசினால் நான் வெட்கப்படமாட்டேன். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றபோது அவர்கள் முதலில் தேடியது போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத்தான். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து சேர்ந்தபோது, ஞானஸ்நானம் பெற்றிருந்தும் ஜெபம் தெரியாத மக்களைத்தான் கண்டார். ஆனால் 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டு, கத்தோலிக்கத்தை விட்டுத் தங்கள் சபைக்கு வரச்சொல்லி நெருக்கியபோது, அதே பரதவர் அசையவில்லை. புதிய எஜமானோடு போயிருந்தால் லாபம். போகவில்லை. பாதுகாப்புக்காகப் பிடித்த கையை, பாதுகாப்பு போன பிறகும் விடாதவர்கள் அவர்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள வேதாளையைக் கடந்து எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்பீர்கள்! 1549-இல் அந்தக் கரையில் தாக்குதல் நடந்தபோது, அந்தோணி கிரிமினாலி அடிகள் கப்பலில் ஏறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டுத் தான் கரையில் நின்றார், கொல்லப்பட்டார்.

ஓரியூருக்கு எல்லோரும் போகிறோம். செம்மண்ணைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து வீட்டில் வைக்கிறோம். அந்த மண்ணில் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தரின் இரத்தம் சிந்தியது ஏன்? தடியத்தேவர் என்ற அரச குடும்பத்தவர் தீராத நோயில் கிடந்து, வேதத்தைக் கேட்டுக் குணமடைந்தார். குணமானதும் நன்றி சொல்லி, காணிக்கை கொடுத்து, பழையபடி வாழ்ந்திருக்கலாம். நாம் அதைத்தானே செய்கிறோம். அவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்றார் அருளானந்தர். தடியத்தேவர் சம்மதித்து மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண், அவர் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் கண்ணீர் எவர் வரலாற்றிலும் சரியாக எழுதப்படவில்லை, அது என்னை உறுத்துகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: “நீங்கள் பெரிய இடம், உங்களுக்கு மட்டும் விலக்கு” என்று அருளானந்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிர் தப்பியிருப்பார்.

ஒரு சாராரை மட்டும் இந்தக் கேள்விக்குள் இழுக்காதீர்கள். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆனால் அந்தத் தகுதியை இழக்கிறார். சீக்கியருக்கும் பௌத்தருக்கும் பின்னர் கிடைத்தது இவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பிள்ளையின் படிப்புக்காகத் தாளில் ஒரு பெயரும் பூசையில் ஒரு பெயருமாக வாழும் தாயை ‘வசதிக் கிறிஸ்தவள்’ என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு நாக்கு கூசுகிறது. அவளிடம் இல்லாத ஒரே பொருள் வசதிதான்.

பேரவையினரே, இந்த வருடம் கொடியேற்றத்திற்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள். எந்தப் படகில் யாருக்குப் பங்குப் பணம் நிற்கிறது என்று கேட்டு எழுதுங்கள். சிறையில் இருப்பவர்களின் வீடுகளை அந்தத் தாளில் முதலில் வையுங்கள். பாக்கி தீராத கையிலிருந்து தேருக்குப் பூ வாங்காதீர்கள். கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பூ இல்லாத தேரை இழுக்க என் வகுப்புப் பிள்ளைகளோடு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி