காலை பத்து மணிக்கு அரங்கைத் திறந்து கொடுங்கள்

மதிப்பிற்குரிய அரங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் அரங்கில் மாலை ஆறரைக்குத் தொடங்க வேண்டிய நாடகம் ஏழு இருபதுக்குத் தொடங்கியதும், இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மேடை மொத்தமும் இருண்டுபோனதும் உங்களுக்குத் தெரியும். மறுநாள் நீங்கள் அனுப்பிய கடிதத்தில் தாமதத்துக்கு அபராதமும், காரணம் என்ற இடத்தில் "குழுவினரின் ஆயத்தக் குறைவு" என்ற ஒரு வரியும் இருந்தன. அபராதத்தைக் கட்டியாகிவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். கடிதம் ஒரு குழுவுக்கு வந்ததுதான். ஆனால் அந்த மேடையில் ஏறும் அத்தனை பேருக்கும் இதே நிலைமை என்பதால் எல்லோருமாகச் சேர்ந்து, பொதுவில் எழுதுகிறோம்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். நிகழ்ச்சி நாளன்று அரங்கை மாலை நான்கு மணிக்குக் கொடுக்கிறீர்கள். காலை பத்து மணிக்குக் கொடுங்கள்.

நான்கு மணிக்குச் சாவி. ஆறு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட வேண்டும் என்பதும் உங்கள் விதி. ஆக, கையில் இருப்பது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் என்னென்ன நடந்தாக வேண்டும் என்பதை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் வண்டியிலிருந்து சாமான் இறங்க வேண்டும். ஒரு சாதாரண வீட்டு வரவேற்பறைக் காட்சிக்கே எட்டுக்கு நாலு அடி அளவில் சட்டம் அடித்த தட்டிகள் பன்னிரண்டு தேவைப்படும். பின்வாசல் மூன்றரை அடி அகலம். தட்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்து ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர முடியும். சுவரில் ஆணி கூடாது, தரையில் ஆணி கூடாது என்கிறீர்கள். முழுக்கச் சரி, அந்த விதியை நாங்களே கேட்டு வாங்கியிருப்போம். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் ஒரு ஆணி இறங்கினால் உள்ளங்கையளவு காரை பெயர்ந்து வரும். நூறாண்டு மிதிபட்ட மரத்தரையில் இறங்கினால் பலகை பிளக்கும். ஆகவே ஒவ்வொரு தட்டிக்கும் பின்னால் ஒரு முட்டு, முட்டின் காலில் பதினைந்து கிலோ மணல் மூட்டை, தட்டிக்கும் தட்டிக்கும் நடுவே கயிற்றுக் கட்டு. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு தட்டிக்கு ஐந்து நிமிடம், பன்னிரண்டுக்கும் ஒரு மணி நேரம். ஆணி அடித்திருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். கட்டடத்தைக் காப்பாற்றுகிற விதி எங்களிடமிருந்து கூடுதலாக நாற்பது நிமிடம் கேட்கிறது. மனமாரத் தருகிறோம். அந்த நாற்பது நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

அடுத்தது விளக்கு. தாமதத்துக்கு மெய்யான காரணம் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம்.

மேடை விளக்கைத் தொங்கவிடுவது ஒரு வேலை, திருப்புவது இன்னொரு வேலை. தொங்கவிடும்போது கொக்கியை முறுக்கி, தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி மாட்டி, கேபிளைத் தொய்வில்லாமல் கட்டி, நிறத்தாள் செருகுவார்கள். இதை நாலைந்து பேர் ஒரே நேரத்தில் செய்யலாம். திருப்புவதை அப்படிச் செய்ய முடியாது. ஏணியில் ஒருவர், ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலகையில் ஒருவர், மேடையில் நடிகர் நிற்கப்போகும் அதே இடத்தில் ஒருவர். கீழே நிற்பவர் தன் முகத்தில் சூடு விழும் இடத்தை வைத்துச் சொல்வார்: "இன்னும் கொஞ்சம் இடது. இறக்கு. நிறுத்து." மூக்கின் நிழல் உதட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும், தட்டியில் தலையின் நிழல் விழக் கூடாது. அரங்கு இருட்டாக இருந்தால்தான் இதைப் பார்க்க முடியும். இருட்டில் தட்டி தூக்கக் கூடாது, யாரும் நடமாடக் கூடாது, நடிகர் ஒப்பனை செய்துகொண்டு மேடையைக் கடக்கக் கூடாது. ஒரு விளக்குக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். இருபது விளக்கு என்றால் இரண்டு மணி நேரம். காட்சி அமைப்பு முடிந்த பிறகுதான் இதைத் தொடங்கவே முடியும். நாற்காலி எங்கே என்று தெரியாமல் நாற்காலிக்கு எப்படி விளக்குத் திருப்புவது?

ஆகவே, எவ்வளவு ஆள் கூட்டிவந்தாலும் இந்த இரண்டு மணி நேரம் குறையாது. ஆள் குறைவால் தாமதம் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் ஏணிக்குக் கீழே நின்று பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்கிறோம்.

அவசரத்தில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆயிரம் வாட் விளக்கின் முன்பக்கத்துக்கும் துணித் திரைக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். அதைக் கண்ணால் கணக்கிட்டுவிட்டு அடுத்த விளக்குக்கு ஓடினால் மேடை ஓரத்துச் சைடு விங் துணி கருகும். கையுறை போட நேரமில்லாமல் சூடான விளக்கைத் தொட்டால் கை கொப்பளிக்கும். ஏணி பிடிக்க வேண்டியவர் தட்டி பிடிக்கப் போய்விட்டால், ஏணி பிடியில்லாமல் நிற்கும். தேக்கு உத்தரமும் பலகைத் தரையுமான கட்டடத்தில் இந்த அவசரத்தை அனுமதிக்கவே கூடாது. எங்கள் பாதுகாப்புக்கு முன்பு உங்கள் கட்டடத்தின் பாதுகாப்புக்காகவே கேட்கிறோம்: காலை பத்து மணி.

இனி அந்த இருட்டு. இந்த மாதிரிக் கூடங்கள் கட்டப்பட்டது மின்சாரத்தை நம்பி அல்ல. சென்னையில் 1895-ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது உண்மைதான். ஆனால் கூடங்களுக்குள் கம்பி வந்தது பிறகு, அதுவும் துண்டு துண்டாக. எந்தப் பிளக் எந்த எம்.சி.பி.யில் (சுமை கூடினால் தானாகவே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) முடிகிறது என்பது சுவரைப் பார்த்தால் தெரியாது. ஆயிரம் வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.35 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மூன்று விளக்குக்கு மேல் போடக் கூடாது. 32 ஆம்பியர் எம்.சி.பி.யில் ஏழு. அன்று போட்டிருந்ததும் ஏழுதான், கிட்டத்தட்ட 30 ஆம்பியர். கணக்கு சரி. கணக்கில் வராதது, அதே எம்.சி.பி.யில் கேன்டீனின் 3000 வாட் டீ பாய்லரும் இருந்தது. இடைவேளைக்கு டீ தயாராக வேண்டுமென்று அதைப் போட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 13 ஆம்பியர் கூடியது. மொத்தம் 43. எம்.சி.பி. இந்த அளவு மிகைச் சுமைக்கு உடனே விழாது. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்து, சில நிமிடம் கழித்து விழும். அப்படித்தான் விழுந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒருவர் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைக்க, இன்னொருவர் கையில் ஒரு டெஸ்ட் விளக்கோடு பிளக் பிளக்காகப் போய்ப் பார்த்தால் இருபது நிமிடம். பிறகு எல்லா விளக்கையும் முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரிய விட்டு, எம்.சி.பி. பலகை சூடேறுகிறதா என்று கை வைத்துப் பார்த்தால் போதும். பகலில் செய்கிற வேலை இது. நான்கு மணிக்கு உள்ளே வருகிறவர்களால் எந்த நிமிடத்தில் செய்ய முடியும்?

எல்.இ.டி. விளக்கு போட்டால் இவ்வளவு மின்சாரம் வேண்டாமே என்று உங்கள் பொறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பின்திரைக்கு எல்.இ.டி.தான் போடுகிறோம். முகத்துக்குப் போடும்போது, எங்களால் வாடகைக்கு எடுக்க முடிகிற விலையில் கிடைப்பவை தோல் நிறத்தைச் சாம்பலாகக் காட்டுகின்றன; மெல்ல அணைக்கும்போது கடைசியில் படிப்படியாகத் துள்ளி அணைகின்றன. எதைப் போட்டாலும் திருப்பும் நேரம் மட்டும் அதேதான்.

கச்சேரிக்காரர்களின் கஷ்டம் வேறு மாதிரி. மைக் இல்லாத காலத்துக் கூடம் என்பதால் உங்கள் அரங்கில் குரல் தானாகவே கடைசி வரிசை வரை போகும். அந்த வரத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் காலிக் கூடத்தில் அமைதியாக அரை மணி நேரம் கேட்டுப் பார்க்க வேண்டும். பியானோவை இடம் மாற்றினால் சுருதி சேர்ப்பவருக்கு ஒன்றரை மணி நேர நிசப்தம் வேண்டும். மிருதங்கத்தின் தோல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும். நிகழ்ச்சிக்குக் கால் மணி முன்பு ஏ.சி. போட்டால், அறையில் சேர்த்துவைத்த சுருதி, முதலில் பாடும் வர்ணம் முடிவதற்குள் நழுவிவிடும்; வித்வான் மேடையிலேயே கல்லும் மரக்கட்டையுமாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். டிம்மர் இருக்கும் ஃபேஸிலேயே ஒலிப்பெருக்கியையும் இணைத்தால் விளக்கு மங்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் 'ர்ர்' என்று இரையும். ஒலிக்குத் தனி ஃபேஸ் வேண்டும் என்பதையும் இந்த மடலோடு சேர்த்துக் கேட்டுவிடுகிறோம்.

இந்த ஊரில் இப்படி மேடை ஏறுகிறவர்கள் யார் என்பதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. பல்லாரியிலிருந்து தெலுங்கு நாடகாசிரியர் தர்மவரம் கிருஷ்ணமாசார்லுவின் குழு இங்கே வந்து நாடகம் போட்டதைப் பார்த்துவிட்டு, 1891 ஜூலை 1-ம் தேதி பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் நிறைந்த சபை. முதலியாரே பிற்பாடு நீதிபதியாக இருந்தவர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அந்த மேடையில் வேஷம் கட்டியவர். 1893-ல் மதராஸ் மியூசிகல் அசோசியேஷன் தொடங்கியபோதும் பாடியவர்கள் வேறு வேலை பார்த்தவர்கள்தான். விக்டோரியா பப்ளிக் ஹாலும், 1896-ல் வந்த எழும்பூர் மியூசியம் தியேட்டரும் இப்படிப்பட்டவர்களால்தான் நிறைந்தன. அதாவது, வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் செய்துகொண்டு, நாடகத்தையும் சங்கீதத்தையும் நேசித்தவர்களால். உங்கள் அரங்கும் அந்த வரிசையில் வந்ததுதான். நாங்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான்.

ஆனால் இன்று அந்த அரங்கின் காலை நேரம் யாருக்குப் போகிறது? கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்களுக்கும், புதுப் பொருள் அறிமுக விழாக்களுக்கும். அவர்கள் கட்டும் வாடகை அதிகம் என்பது தெரியும். பழைய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதும் தெரியும். இருந்தாலும் நாடகத்துக்கென்று கட்டிய கூடத்தில் நாடகக்காரன் பின்வாசலில் வண்டியோடு நான்கு மணி வரை வெயிலில் நிற்கிறான் என்றால், அது எங்களுக்கு வலிக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் வசனப் பிரதிக்குக் காவல்துறைத் தடையின்மைச் சான்று இன்னமும் கேட்கிறீர்கள். நாடகத்தைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1876-ம் ஆண்டுச் சட்டம் 2018-ல் ரத்தாகிவிட்டது. தமிழ்நாட்டின் 1954-ம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டம் கேட்காததை அரங்கம் ஏன் கேட்கிறது? அந்தத் தாளுக்காக ஸ்டேஷனுக்கு நாலு நாள் அலைகிறவர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அலைகிறார்.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியர்கள் மீது எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. அன்று இருட்டில் டார்ச்சோடு ஓடிவந்து ஃபியூஸ் பெட்டியைக் காட்டியவர் உங்கள் காவலாளிதான். அவருக்கு நன்றி.

பத்து மணிக்குத் திறப்பதால் உங்களுக்கு ஆகும் செலவைக் குறைக்க எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். பகலில் ஏ.சி. வேண்டாம்; வேலை செய்ய நாலு டியூப்லைட்டும், ஒரு பவர் பிளக்கும், கதவருகே ஒரு காவலாளியும் போதும். கச்சேரி நாட்களில் மட்டும் ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், அந்த மின்கட்டணத்தைக் கொடுக்கிறோம். முட்டு, மணல் மூட்டை, மேடைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம். தரையில் பசைத் தடம் விடாத டேப் மட்டுமே பயன்படுத்துவோம். பிளக் வரைபடத்தை ஒரே ஒரு பகலில் தயாரித்து, பெரிதாக எழுதி, மேடைக்குப் பின்னால் மாட்டித் தருகிறோம்; பணம் வேண்டாம். கேன்டீன் பாய்லருக்குத் தனி இணைப்பு மட்டும் நீங்கள் போட்டுக்கொடுங்கள். ஏதாவது ஒரு நாள் காலையில் வேறு பதிவு தவிர்க்க முடியாததாக இருந்தால், முந்தின நாள் இரவு எட்டு முதல் பதினொன்று வரை கொடுங்கள். தட்டியையும் விளக்கையும் ஏற்றிவைத்துவிட்டுப் போகிறோம்.

டிசம்பர் மாதப் பதிவுகளை ஏற்கத் தொடங்குவதற்கு முன்பு உங்கள் குழு கூடும் என்று அறிகிறோம். வாடகை விதிகளில் "மாலை 4 மணி" என்று இருக்கும் இடத்தில் "காலை 10 மணி" என்று மாற்றித் தருமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கடிதத்தில் இருந்த "ஆயத்தக் குறைவு" என்ற வரியையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேடையில் நாடகமும் கச்சேரியும் நடத்தும்
சென்னைப் பயில்முறைக் குழுக்களின் மேடை, ஒளி, ஒலிப் பணியாளர்கள்