'பெண் பிள்ளைகளுக்குத்தான் மன அழுத்தம் கூட' என்று முடித்துவிடாதீர்கள்: மருத்துவபீடங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பீடாதிபதிகளுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

வெள்ளவத்தையில் போர்டிங் இருந்து படித்து, இன்று வைத்தியராக வேலை செய்யும் ஒருத்தி எழுதுகிறேன்.

மாணவராக இருந்தபோது எங்களுக்கும் மன அழுத்தத்தை அளக்கும் அந்த வினாக்கொத்து வந்தது. கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை பதறினீர்கள், எத்தனை தடவை எல்லாம் கைமீறியதாக உணர்ந்தீர்கள் என்று 10 கேள்விகள். 0 முதல் 40 வரை புள்ளி. 1983இல் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் ஆக்கிய அளவுகோலின் சுருங்கிய வடிவம். பல நாடுகளைப் போலவே பெண்களின் புள்ளிதான் கூடி வந்தது. "பெண் பிள்ளையள் தாங்கமாட்டினம்" என்று வார்டிலேயே ஒருவர் சிரித்தார்.

அந்த அளவுகோல் நோயைக் கண்டறிவதற்கானதல்ல. ஏன் என்றும் அது கேட்காது. காஷுவல்டி (அவசர சிகிச்சை) நாளில் இரவு பத்து தாண்டி இறங்கினால் பெடியன்கள் பஸ் ஏறிவிடுவார்கள். நாங்கள் மூன்று பேர் ஓட்டோவுக்குச் சில்லறை எண்ணுவோம், போர்டிங் அன்ரி கேற்றைப் பூட்டிவிடுவாரோ என்ற பயத்தோடு. வீட்டிலிருந்து அம்மா கோல் எடுத்தால் முதல் கேள்வி பரீட்சை, இரண்டாவது கலியாணம். (பெடியன்களுக்கு இரண்டாவதும் பரீட்சைதான்.)

ஆனால் ஆண்களின் குறைந்த புள்ளியை நான் நம்பவில்லை. எந்நேரமும் பகிடி விடும் ஒருவன் பத்துக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று வட்டமிட்டான். அதில் நான்கு கேள்விகள் எதிர்த்திசையில் எண்ணப்படுபவை, அவற்றுக்கு 'ஒருபோதும் இல்லை' என்றால் புள்ளி கூடும் என்பதைக்கூட அவன் வாசிக்கவில்லை. அடுத்த இரண்டு கிழமை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

47 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் 'ஜாமா' இதழில் வந்த கட்டுரையின்படி மருத்துவ மாணவரில் 27.2 சதவீதத்தினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அவர்களில் சிகிச்சை தேடியவர்கள் 15.7 சதவீதம்தான். எனக்கு அது வியப்பில்லை. இன்று மனம் திறந்து பேசினால், கேட்டவரே நாளை வைவா (வாய்மொழிப் பரீட்சை) மேசைக்கு அப்பால் இருப்பார். தமிழில் வரும் அழுகையை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தவும் வேண்டும்.

பரீட்சகராக வராத, தமிழும் சிங்களமும் தெரிந்த ஆலோசகர் ஒருவரை வார்டு முடிந்த மாலைகளில் இருத்துங்கள். காஷுவல்டி இரவுகளில் மாணவிகளுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை கொடுங்கள். அடுத்த வினாக்கொத்தில் 11ஆவதாக ஒன்று சேருங்கள்: 'இதைக் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்?' பெயர் வேண்டாம், அம்மா, நண்பன் என்று உறவு போதும். வெறுமையாகத் திரும்பி வருபவற்றை ஆண், பெண் என்று பிரித்து எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவி ஒருத்தி, கொழும்பு