செயலாளர் அறிக்கை: தடம் பார்த்த வருஷம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைத் திருநாள், கோடைப் பட்டிமன்றம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பங்கு இயற்கை உலாக் குழுவுக்குத்தான். கனெக்டிகட் பள்ளத்தாக்கில் இத்தனை வருஷம் குடியிருந்தும் பக்கத்திலேயே இருக்கும் டைனோசர் தடங்களைச் சங்கமாகப் போய்ப் பார்த்ததில்லை. அந்தக் குறை இந்த ஆண்டு தீர்ந்தது.

முதலில் ஒரு திருத்தம். மே மாதச் சுற்றறிக்கையில் "ராக்கி ஹில்லில் டைலோபோசாரஸின் காலடியைப் பார்க்கலாம், வாருங்கள்" என்று எழுதியிருந்தேன். டைலோபோசாரஸ் என்பது ஒரு டைனோசரின் பெயர். அப்படி எழுதியது என் தவறு. அங்கே, கனெக்டிகட் மாநிலத்தின் டைனோசர் பூங்காவில், இருக்கும் தடங்களுக்கு யூப்ரான்டீஸ் என்று பெயர். அது தடத்தின் பெயர், விலங்கின் பெயர் அல்ல. 1966இல் அரசுக் கட்டடம் ஒன்றுக்காக மண்ணைத் தோண்டியபோது புல்டோசர் ஓட்டுநர் கண்ணில் பட்டவை அவை. ஏறத்தாழ 2,000 தடங்களில் 500 அளவுக்கு இன்று கூரைக்கடியில் இருக்கின்றன. மீதியைப் பாதுகாப்புக்காகத் திரும்ப மூடிவிட்டார்கள். பதித்த விலங்கின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. டைலோபோசாரஸ் போன்ற ஒன்றாக இருக்கலாம் என்பது பொருத்தமான ஊகம், அவ்வளவுதான். எலும்புக்கு ஒரு பெயர், தடத்துக்கு வேறு பெயர் என்று வைப்பது அதனால்தான்.

"அதெல்லாம் சரி, கால் இல்லாமலா தடம் வந்தது?" என்று ஓர் உறுப்பினர் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மூத்த உறுப்பினர் ஒருவர், "கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் பாதம் போடுகிறோமே, அதைப் போட்டது யார் கால்?" என்று கேட்டார். முஷ்டியை மாவில் தோய்த்து வைத்து, மேலே ஐந்து பொட்டு வைத்தால் பாதம். அப்புறம் விவாதம் இல்லை.

ராக்கி ஹில்லில் மே முதல் அக்டோபர் வரை நாமே தடத்தை வார்த்து எடுத்து வரலாம். பிளாஸ்டர், சமையல் எண்ணெய், வாளி, பழந்துணி எல்லாம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இட்லித் தட்டுக்குத் தடவுவதுபோல் கல்லில் எண்ணெய் தடவி, பிளாஸ்டரைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஊற்றிக் காத்திருந்தோம். ஒரு குடும்பம் நல்லெண்ணெய் கொண்டுவந்தது. அந்த வார்ப்பு இன்னும் மணக்கிறது.

வார்த்து எடுத்ததும் இடது காலா வலது காலா என்ற சண்டை. உள்விரலில் இரண்டு, நடுவிரலில் மூன்று, வெளிவிரலில் நான்கு மெத்தைகள் (விரலடிச் சதைத் திண்டுகள்) பதியும். வெளிவிரலின் அடி மெத்தை சற்றுப் பின்தள்ளி நிற்கும். அதை வைத்துப் பிரிக்கலாம். ஆனால் வார்ப்பைத் திருப்பிப் பார்க்கும்போது இடம் வலமாகிவிடும் என்பதை நாங்கள் பாதியில்தான் உணர்ந்தோம். அட்டைகளையெல்லாம் மாற்றி எழுதினோம்.

அக்டோபரில் மாசசூசெட்ஸின் ஹோலியோக். ஐந்தாம் எண் சாலையோரம், ஆற்றங்கரையில், சரிந்த கற்பாளத்தில் 130க்கும் மேற்பட்ட தடங்கள். பெரும்பாலான வரிசைகள் மேற்கே போவதைப் பார்த்த தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ராம், இவை கூட்டமாகச் சென்றவை என்று 1972இல் எழுதினார். ஏரிக்கரையை ஒட்டித் தனித்தனியாக நடந்திருந்தாலும் திசை ஒன்றாக வந்திருக்கலாமே என்பது என் சந்தேகம். உச்சிவெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. வெயில் சாய்ந்ததும் விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இனிமேல் மாலையில்தான் போக வேண்டும்.

வேகக் கணக்கில் ஒரு கோளாறு நடந்தது. தடத்திலிருந்து விலங்கின் வேகத்தைக் கணக்கிட விலங்கியலாளர் அலெக்சாண்டர் 1976இல் தந்த சூத்திரத்துக்கு இடுப்புயரமும் ஈரடியும் வேண்டும். தடநீளத்தின் நான்கு மடங்கை இடுப்புயரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரடி என்பது ஒரே கால் திரும்பப் பதியும் தூரம். நம் ஆட்கள் இடதுக்கும் வலதுக்கும் இடையே அளந்துவிட்டார்கள். தடம் 35 செ.மீ., ஈரடி 2.2 மீட்டர் என்றால் மணிக்கு 7 கி.மீ. வர வேண்டும், பாதியை அளந்தால் 2.2 கி.மீ.தான் வரும். கோயில் பிரகாரம் சுற்றும் வேகம்!

நம் பதிவேட்டில் தடங்களுக்கு நீளத்தை வைத்துப் பெயர் தந்திருக்கிறோம்: 15 செ.மீ.க்குக் குறைவானவை கிராலேட்டர், 25 வரை ஆங்கிசாரிபஸ், அதற்கு மேல் யூப்ரான்டீஸ். ஆனால் மூன்றும் ஒரே வகை விலங்கு வளர வளரப் பதித்த தடங்களாக இருக்கலாம் என்று தொல்லுயிரியலாளர் பால் ஓல்சன் போன்றோர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பெயர்களைப் பென்சிலில் எழுதியிருக்கிறோம்.

கடைசி உலா ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி அருங்காட்சியகம். சவுத் ஹாட்லியில் 1802இல் உழும்போது பிளைனி மூடி என்ற பையனுக்குக் கிடைத்த, தடம் பதிந்த கல் வாசற்படியானது. ஊரார் அதை பைபிளில் வரும் நோவாவின் காகம் மிதித்தது என்றார்கள். பின்னர் அக்கல்லூரியின் புவியியலாளர் எட்வர்ட் ஹிட்ச்காக் இப்பகுதித் தடங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, பெரிய மூவிரல் தடங்கள் ராட்சதப் பறவைகளுடையவை என்றே 1864இல் சாகும்வரை நம்பினார். ஆனால் யூப்ரான்டீஸ், கிராலேட்டர் என்று அவர் வைத்த பெயர்களைத்தான் இன்றும் எழுதுகிறோம். விலங்கைப் பற்றிய ஊகம் மாறினாலும் தடத்தின் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வண்டி கொடுத்தவர்களுக்கும் புளியோதரை கட்டி வந்தவர்களுக்கும் நன்றி. வார்ப்புகள் எல்லாம் என் வீட்டு கராஜில் கிடக்கின்றன. பனி விழுவதற்குள் அவரவருடையதை எடுத்துப் போகவும். காரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அட்டையில் நீளம், இடம், தேதி இருந்தால் போதும். டைலோபோசாரஸ் என்று எழுதியவர்கள் அதை அடித்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்